கரண்டு போனதும் முதல் வேலை

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவில் குடியிருப்பவனுக்குச் சத்தம் உறைக்காது. சத்தம் நின்றால்தான் திடுக்கென்று இருக்கும். கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தறி மோட்டார், கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம் வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கையில் எடுக்காத நாள் குறைவு. அதை வைத்து நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தறி ஷெட்டில் மோட்டார் வயருக்குச் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்டு போயிற்று. கன்னை ஸ்டூல் மேல் படுக்க வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். சுவிட்சை அணைக்கவில்லை. ஓடாத மெஷினை யார் அணைப்பார்கள்? பாதி டீயில் தறிகள் மறுபடி சடசடக்கத் தொடங்கின. கூடவே என் கன்னும் ஊத ஆரம்பித்திருக்கிறது. இத்தனை தறி ஓடும் இடத்தில் அதன் இரைச்சல் யார் காதில் விழும்? அதன் வாய்க்கு எதிரே, ஒரு சாணுக்குள், கழிவு நூல் மூட்டை. தறி ஓட்டும் அக்கா ஒருவர் கருகல் வாடை பிடித்து மெயினை இறக்கியதால் ஒரு மூட்டையோடு போயிற்று. நான் ஓடி வந்ததும் அவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, தீயே இல்லையே, எப்படிப் புகைஞ்சுது?"

நல்ல கேள்வி. ஹீட் கன்னுக்குள் இருப்பவை இரண்டே சாமான்கள்: நிக்ரோம் கம்பிச் சுருள் ஒன்று, அதன் வழியாகக் காற்றைத் தள்ளும் சின்ன விசிறி ஒன்று. தலைமுடி காயவைக்கும் டிரையரிலும் இதே அமைப்புதான். ஆனால் டிரையர் நூறு டிகிரி வாக்கில் நின்றுவிடும். கன்னின் வாயில் 500, 600 டிகிரி வரை வரும். காகிதம் 230 டிகிரி வாக்கிலேயே பற்றிவிடும். பஞ்சுத் தூசியோ உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடந்து பிறகு பிடிக்கும். அடுப்பு என்றால் தீயைப் பார்த்துக் கையை இழுப்போம். இதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து கரண்டு போனால் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பிறகு கன்னை மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தி வைப்பேன். அதற்கென்றே பின்பக்கத்தைத் தட்டையாகச் செய்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் படக்கென்று அணைப்பதும் தப்பு. ஒரு நிமிடம் குறைந்த சூட்டில் ஓடவிட்டு அணைக்க வேண்டும். காற்று நின்றபின் சுருளில் தங்கும் சூடு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் சுருளையுமே தின்றுவிடும். ரிப்பேருக்கு வரும் கன்களில் பலவும் இப்படி அவசரத்தில் செத்தவைதான்.

இன்னொன்று பிளக். 2000 வாட் கன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் டிவிக்கும் செல்போனுக்கும் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு உள்ளது. அதில் சொருகினால் ஓடும், அதுதான் வில்லங்கம். பத்து நிமிடம் கழித்து சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பெரிய பின் சாக்கெட்தான் இதற்கு இடம். மெல்லிய வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுருட்டி வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி நல்ல சமாச்சாரம். கன்னின் அருமை ஸ்லீவ் போடும்போதுதான் தெரியும். சுருங்கும் ஸ்லீவ் சாதாரணப் பிளாஸ்டிக் இல்லை. கதிர்வீச்சு பட்டு, உள்ளே இழைகள் பின்னிக்கொண்டது. அதைச் சூடாக்கி விரித்து, விரித்தபடியே குளிரவைத்து விற்கிறார்கள். மறுபடி சூடு பட்டதும் பழைய அளவுக்கு ஓடுகிறது. அமெரிக்காவில் 1957-இல் பால் குக் தொடங்கிய ரேகெம் கம்பெனிதான் இந்த வித்தையைத் தொழிலாக வளர்த்தது என்று படித்திருக்கிறேன். ஸ்லீவ் சுருங்க நூறு, நூற்றிருபது டிகிரி போதும். கன்னை முழுச் சூட்டில் வைத்து ஒரே இடத்தில் பிடித்தால் ஸ்லீவ் கொப்புளித்துக் கிழியும், வயரின் பிவிசியும் பொசுங்கும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. கண்ணும் தொண்டையும் எரியும். ஆகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகானை நான் நம்புவதில்லை, என் கையைத்தான் நம்புகிறேன். மூன்று நான்கு விரற்கடை தள்ளி, வர்ணம் அடிக்கிற மாதிரி ஓட்டிக்கொண்டே இருப்பேன்.

போர் மோட்டார் கேபிள் இணைப்பில் நடுவில் தொடங்கி இரண்டு முனைக்கும் போக வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். உள்ளே பசை பூசிய ஸ்லீவ் என்றால் முனையில் பசை லேசாகப் பிதுங்கும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறும்வரை கேபிளை அசைக்கக் கூடாது. சில பையன்கள் சிகரெட் லைட்டரைக் காட்டுவார்கள். ஒரு பக்கம் கரி பிடிக்கும், மறுபக்கம் தொளதொளவென்று நிற்கும். முந்நூறு அடி ஆழத்தில் தண்ணீர் அந்தத் தொளதொளப்பைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. (ஸ்லீவை வயரில் மாட்டாமலே இணைத்துவிட்டு, பிறகு தலையைச் சொறிவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் நடப்பது. எனக்கு இப்போதும் நடக்கிறது.)

பேரிங் கழற்றவும் கன் உதவும். அலுமினியம் சூட்டுக்கு இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மோட்டாரின் அலுமினிய எண்ட் கவரைச் சுற்றி ஊதினால், சுத்தியலுக்கு மசியாத பேரிங் தானாக நழுவும். பேரிங் மேலேயே ஊதக் கூடாது. கவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 'சொய்' என்றால் அதுவே போதும். ஆனால் வார்னிஷ், தின்னர் டப்பா திறந்திருக்கும் அறையில் கன்னை எடுக்கவே மாட்டேன்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது விரல் கன்னின் மூக்கில் படும். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணைப் பூசுவார்கள். என் அம்மாவும் பூசுவார். சூடுபட்ட புண்ணுக்கு மட்டும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். டூத்பேஸ்ட்டும் பேனா மையும் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுமண்ணை நெற்றியில் வைத்துக்கொள்ளலாம், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் அந்தத் தறி ஷெட்டுக்கு மறுபடி போயிருந்தேன். பையைத் திறந்து கன்னை எடுத்ததுமே அந்த அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் கிடந்த கழிவு மூட்டையைக் காலால் தள்ளிக்கொண்டே மறுகோடிக்குப் போய்விட்டார்.