பாட்டுக்குப் பின்னால் நான்கு கம்பிகள்

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் உடையார்பாளையம் ஜமீனில் பாடிப் புகழ்பெற்றவர் கனம் கிருஷ்ணையர். அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பும் 'கனம்' என்ற கடினமான முறையே அவருக்கு அடைமொழியாகிவிட்டது. அவரிடம் இசை பயின்ற வேங்கட சுப்பையரின் மகன் உ.வே.சா., அவருடைய வரலாற்றைத் தனிநூலாகவே எழுதினார். பாடகருக்குப் புத்தகம் உண்டு. அவருக்குப் பின்னால் சுருதி கூட்டும் தம்புராவுக்கு?

தஞ்சாவூர்த் தம்புரா பலா மரத்தில் செய்வது. கீழே குடம், மேலே நீண்ட தண்டி, நான்கு கம்பிகள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெட்டுகள் இல்லை, தாளமும் இல்லை. பார்ப்பவர்களுக்குச் சும்மா வருடுவதுபோலத்தான் தெரியும்.

சூட்சுமம் குதிரையில் இருக்கிறது. கம்பிகள் ஏறி நிற்கும் அந்தக் கட்டையின் முகம் அகலமாக, லேசாக வளைந்திருக்கும். கம்பிக்கும் அதற்கும் நடுவே ஒரு நூலைச் செருகுவார்கள். அதற்குப் பெயர் ஜீவா. பெயர் வைத்தவர் நல்ல ரசிகர். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஓரிடத்தில் கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும். அதிரும் கம்பி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் மேற்சுரங்கள் கிளம்புகின்றன. எந்தக் கம்பியையும் காந்தாரத்துக்குச் சேர்க்கவில்லை. ஆனாலும் சுருதி நன்றாகச் சேர்ந்த தம்புராவில் அந்தரகாந்தாரம் தானாகக் கேட்கும்.

இந்த ஒலியில் மயங்கியவர்களில் ஒருவர் இயற்பியல் அறிஞர் சர் சி.வி. ராமன். திருவானைக்காவலில் பிறந்தவர். கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் சில மேற்சுரங்கள் ஒலிக்கவே கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கணீரென்று ஒலிப்பதை 1921இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்.

மயங்கிய இன்னொருவர், அமெரிக்காவில் மினிமலிச இசையின் முன்னோடியான லா மாண்ட் யங். அவர் 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடரானார். குருவின் தம்புராக்களுக்காகவே 1999இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தம்புரா மட்டும்தான்! நாமோ மேடையில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

அடுத்த கச்சேரியில் தம்புரா இருந்தால் பத்து நிமிஷம் முன்பே போய் உட்காருங்கள். சுருதி சேர்க்கும்போது அந்தக் காந்தாரம் கேட்கிறதா, பாருங்கள்.