நிலத்தின் வெப்பத்தால் நாற்றுகளைக் காத்தல்

உடப்புசல்லாவை, நுவரெலியா முதலிய உயர்நிலப் பகுதிகளில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்துவிடுகிறது. விடியுமுன் போஞ்சி, உருளைக்கிழங்கு, இளந்தேயிலை ஆகியவற்றின் இலைகள் கருகுகின்றன. அதே இடத்தில் நண்பகலில் பொலித்தீன் கூடாரத்தினுள் வெப்பம் மிகுந்து நாற்றுகள் வாடுகின்றன. இவ்விரு தீங்குகளையும் தணிக்கும் வழி நம் காலடி மண்ணிலேயே உள்ளது.

ஒரு மீற்றர் ஆழத்தைப் பகலின் வெப்பமும் இரவின் குளிரும் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவ்வாழத்து மண் அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் அச்சராசரி ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் ஆகும். ஒவ்வொரு 100 மீற்றர் தாழ்வுக்கும் அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் கூட்டிக்கொள்ளலாம்.

நிலத்திலிருந்து வெப்பம் பெறும் பம்பிக்குச் சுவிற்சர்லாந்தில் 1912ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெறப்பட்டது. அத்தகைய நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறுபாடு பெரிது. ஆகவே ஆழ்துளைகள் வேண்டியிருக்கின்றன. நமக்கோ மாதத்துக்கு மாதம் வேறுபாடு சிறிது. பகலுக்கும் இரவுக்குமே அது பெரிது. ஆதலால் சிறு நாற்றுக் கூடாரத்துக்கு ஆழங்குறைந்த குழாயும் சிறு மின்விசிறியும் பயன்தரும்.

அமைக்கும் முறை:

1. முதலில் ஒரு மீற்றர்க் குழியின் அடியில் வெப்பமானியைப் புதைத்து, ஒரு வாரம் விடியலிலும் நண்பகலிலும் பார்க்கவும். இரு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாயின் அவ்வாழம் போதும்.

2. குழாய்களை ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் இடைவெளியில், நீர் வடியும்படி சற்றே சாய்த்துப் பதிக்கவும். வெப்பக் காற்று குளிரும்போது உள்ளே நீர் சேரும்.

3. ஈரமண்ணை இடைவெளியின்றி இறுக்கவும். உலர்ந்த மண் வெப்பத்தை நன்கு கடத்தாது.

4. குழாயின் இரு முனைகளையும் கூடாரத்தினுள்ளே விட்டு வலையால் மூடவும். கூடாரத்துக் காற்று நிலத்தைவிட மிகக் குளிர்ந்தபோதும், மிக வெப்பமடைந்தபோதும் மட்டுமே விசிறியை ஓட்டவும்.

எச்சரிக்கை: மலைச்சரிவில் வெட்டும் கால்வாய் மழைநீரை மண்ணுக்குள் இறக்கிச் சரிவை ஏற்படுத்தக்கூடும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலைநாடு கண்ட அழிவை மறத்தலாகாது. சமதளமான இடத்தில், மழையற்ற காலத்தில் மட்டுமே தோண்டவும். நிலவெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகத் தோன்றிய ஊற்று ஆகியவை காணப்படின் தோண்டாது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறவும்.

குழாய் வாங்க வசதியற்றோரும் நிலவெப்பத்தைப் பயன்படுத்தலாம். பனி எதிர்பார்க்கும் நாளின் காலையில் தவறணைப் பாத்திகளின் மூடாக்கை நீக்கி, மண்ணை நனைத்து வெயில் படவிடவும். மாலையில், வெயில் தாழுமுன், நாற்றுகளில் படாதவாறு கம்புகளின் மேல் சாக்கை விரித்து மூடவும். பகலில் மண் சேர்த்த வெப்பம் இரவில் நாற்றுகளுக்குக் கிடைக்கும்.