ஒல்லாந்தர் கொண்டுபோன ஜாவா: இலங்கை, கேப், சூரினாம்

போன நோன்புக்கு முன்னால் கொம்பனித்தெருவிலிருந்து ஒரு மலாய் நண்பர் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய துணியில் சுற்றிய ஒரு கொப்பி. மூத்தம்மாவின் பெட்டிக்குள் கிடந்ததாம். "நானா, இது எங்கட பாஷைதான். ஆனா எங்கட வீட்டில ஒத்தருக்கும் வாசிக்கேலா. உங்களுக்கு அரபுத் தமிழ் தெரியுமே, ஒருக்கா பாருங்களே" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். அரபி எழுத்து, ஹரகத் இல்லை. எங்கட நாட்டு மலாயர் 'குண்டுல்' என்று சொல்லும் எழுத்து அது. அந்தச் சொல்லுக்கே மொட்டை என்றுதான் பொருள். நண்பர் குர்ஆன் ஓதத் தெரிந்தவர். வீட்டில் உம்மாவோடு மலாய் பேசுகிறவர். ஆனாலும் ஹரகத் இல்லாத இந்த எழுத்தில் அவருக்குக் கண் நிற்கவில்லை. எனக்கு எழுத்து பிடிபட்டது, பாஷை தெரியாது.

அந்தக் கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்த விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாவா, சுமத்திரா, மக்காஸார், திதோரே என்று இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் மனிதர்களைக் கப்பலேற்றி உலகின் பல கரைகளில் இறக்கினார்கள். ஒரு கரையில் பாஷை நின்றது. இன்னொரு கரையில் பாஷை போய் மார்க்கம் நின்றது. வேறொரு கரையில் கிராமமே நின்றது. ஏன் இப்படி?

ஒரே கம்பனி, இரண்டு கரைகள்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602-ல் தொடங்கியது. 1619-ல் ஜாவாவில் பத்தாவியாவைத் தலைமையிடமாக்கியது. 1652-ல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கொடுக்க ஓர் இடம் பிடித்தது. 1658-க்குள் இலங்கையின் கரையோரம் போர்த்துக்கேயரிடமிருந்து அதன் கைக்கு வந்தது. பத்தாவியாவில் தொல்லை கொடுத்த அரசர்களையும் ஆலிம்களையும் எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குக் கம்பனியிடம் இரண்டு பதில் இருந்தன: ஒன்று இலங்கை, மற்றது கேப்.

இந்த இரண்டு கரைகளையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர் ஷெய்க் யூஸுப் அல் மக்காஸாரி அவர்கள். 1626-ல் பிறந்தவர். மக்காவிலும் யெமனிலும் ஓதியவர். பான்தென் சுல்தானோடு நின்று ஒல்லாந்தரை எதிர்த்ததற்காகப் பிடிபட்டு, 1684-ல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழ பத்து வருஷம் இந்த மண்ணில் இருந்தார். இங்கிருந்தபடியே அரபியில் நூல்கள் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போய்வரும் ஜாவா ஹாஜிகளின் கப்பல் இலங்கையில் தங்கும். அவர்கள் வந்து பார்ப்பார்கள். எழுதியவை அவர்கள் கையோடு ஊருக்குப் போகும். நாடுகடத்தியும் அவருடைய வாய் அடையவில்லை என்று கண்ட கம்பனி, ஹாஜிமார் கப்பல் போகாத தூரத்துக்கு, கேப்புக்கு, அவரை அனுப்பியது. 1694-ல் குடும்பத்தார், சீடர்கள் என்று 49 பேரோடு அங்கே இறங்கினார். 1699-ல் வபாத்தானார். அவர் வாழ்ந்த பகுதிக்கு இன்றும் மக்காஸார் என்றுதான் பெயர்.

கேப்: பாஷை போனது, ஓதல் நின்றது

கேப்புக்கு வந்தவர்களில் அரசியல் கைதிகள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் அடிமைகள். 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் அங்கே இறக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் மலாயர் அல்ல. ஆபிரிக்கக் கரை, மடகாஸ்கர், இந்தியாவும் இலங்கையும், இந்தோனேசியத் தீவுகள் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஏறக்குறைய கால்வாசி. வங்காளத்தார், மலபாரார், சோழமண்டலக் கரையார் எல்லோரும் ஒரே சமையலறையில் வேலை செய்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக மிஞ்சியது எசமானின் ஒல்லாந்த பாஷை. அந்த ஒல்லாந்தம் அவர்கள் வாயில் உடைந்து, வளைந்து, ஆபிரிக்கான்ஸ் ஆவதில் அவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் 'கேப் மலாயர்' என்ற பெயர் எப்படி வந்தது? அங்கே மலாய் என்றால் இனம் அல்ல, முஸ்லிம் என்று பொருள். கலிமா சொன்ன வங்காளத்து அடிமையும் மலாய்தான். பிற்காலத்தில் நிறவெறி அரசு அதையே ஓர் இனப்பிரிவாகப் பதிவேட்டில் எழுதியது. அதனால்தான் இன்று அங்குள்ள பலர் அந்தப் பெயரை விரும்பாமல் 'கேப் முஸ்லிம்' என்கிறார்கள்.

இந்தக் கலவையை ஒரு சமூகமாக்கியது மத்ரஸா. திதோரே தீவின் இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ்ஸலாம், மக்கள் வாயில் 'துவான் குரு', 1780-ல் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். ரொபன் தீவில் அடைபட்டிருந்தபோது குர்ஆனை மனனத்திலிருந்தே எழுதினார். விடுதலையான பிறகு கேப் டவுனின் டோர்ப் வீதியில் அடிமைகளின் பிள்ளைகளுக்கும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கும் ஓதிக்கொடுத்தார். 1794-ல் அவ்வல் பள்ளி உருவானது. தென்னாபிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அது. அந்தப் பள்ளி நிற்கும் நிலம் யாருடையது தெரியுமா? 'கொரிடோன் வான் சிலோன்' என்ற, விடுதலை பெற்ற ஓர் அடிமையுடையது. சிலோன் கொரிடோன்! எங்கட நாட்டின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒருவருடைய காணியில் அந்த முதல் ஸப் நின்றது. வெளிப்படையாக இஸ்லாத்தைப் பின்பற்றும் சட்ட உரிமை 1804-ல்தான் அங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மத்ரஸாவில் முதலில் மலாயில் ஓதிக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு மலாய் விளங்காமல் போகப் போக, ஆபிரிக்கான்ஸை அரபி எழுத்தில் எழுதினார்கள். உஸ்மானிய அரசு அனுப்பிய அபூபக்ர் எபெந்தி எழுதிய 'பயானுத்தீன்' 1877-ல் இஸ்தான்பூலில் அச்சானது. தொழுகை, நோன்பு, ஸகாத் மஸாயில்கள் எல்லாம் அரபி எழுத்தில், ஆபிரிக்கான்ஸ் பாஷையில். ஆபிரிக்கான்ஸ் அரச மொழியானது 1925-ல். அதை வெள்ளையரின் பாஷை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலாய் முழுக்கப் போய்விடவும் இல்லை. நன்றி சொல்ல 'ட்ரமகாஸி', தயவுசெய்து என்பதற்கு 'கனாலா', நோன்புக்கு 'புவாஸா', பெருநாளுக்கு 'லபாரங்'. மவ்லித் காலத்தில் பெண்கள் பள்ளியில் கூடியிருந்து எலுமிச்சை இலையைப் பொடியாக அரிந்து, வாசனை ஏற்றிச் சிறு பொட்டலமாகக் கட்டுவார்கள். விருந்து முடிந்து போகும்போது கையில் கொடுத்துவிடும் சாப்பாட்டுக்கு 'பராகாட்'. எங்கட கந்தூரிச் சோறு வீட்டுக்கு வருவதுபோலத்தான். பாஷை போனாலும் மார்க்கத்தோடும் சாப்பாட்டோடும் ஒட்டிய சொற்கள் போகவில்லை.

இலங்கை: மார்க்கம் பொது, பாஷை தனி

இலங்கைக்கும் அரச குடும்பத்துக் கைதிகள் வந்தார்கள். ஜாவாவின் மத்தாராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708-ல் இங்கே அனுப்பப்பட்டு இங்கேயே இறந்தார். ஆனால் இலங்கையில் பெருந்தொகையாக வந்தவர்கள் சிப்பாய்கள். 1796-ல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயரும் அவர்களை விடவில்லை. மலாய்ப் படையாக வைத்துக்கொண்டார்கள். பிறகு அது இலங்கை ரைபிள் படையானது.

படை என்றால் குடும்பம் குடும்பமாக ஒரே இடத்தில் குடியிருப்பு, சம்பளம், படைப் பள்ளிக்கூடம், எழுதத் தெரிந்த ஆட்கள். படைமுகாமில் இருந்துகொண்டே சிப்பாய்கள் ஹிகாயத்துகளையும் கிதாபுகளையும் பிரதி எடுத்தார்கள். பாபா யூனுஸ் சல்தீன் 1869-ல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை அரபி எழுத்தில், மலாய் பாஷையில் வெளியிட்டார். சிங்கப்பூரில் 'ஜாவி பெரனாக்கன்' வந்தது 1876-ல். மலாய் நாட்டுக்கு முன்னால் மலாய்ப் பத்திரிகை கொழும்பில் வந்துவிட்டது. இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்துத் தந்தவர் பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா. அவருக்கு எங்கட சமூகம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் படை மட்டும் காரணம் அல்ல. கேப்பில் முஸ்லிமாக இருப்பதே ஒருவரை அடுத்தவரிடமிருந்து வேறாகக் காட்டியது. அதனால் பாஷையை விட்டாலும் அவர்கள் கரைந்து போகவில்லை. இலங்கையிலோ பக்கத்து வீட்டில் சோனகர். அதே கலிமா, அதே பள்ளி, அதே ஷாபிஈ மத்ஹப். கலியாண உறவும் ஏராளம். மார்க்கத்தால் தங்களை வேறாகக் காட்ட மலாயருக்கு வழியில்லை, தேவையும் இல்லை. அங்கே பாஷைதான் 'நாங்கள்' என்று சொன்னது. அதைவிட்டால் இரண்டு தலைமுறையில் சோனகராகிவிடுவார்கள். பாஷை நின்றதற்கு இதை நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன்.

நின்ற பாஷையும் மாறாமல் நிற்கவில்லை. மலேசியாவில் 'ருமா ஸாயா' என்பார்கள், அதாவது வீடு என்னுடையது என்ற வரிசை. இலங்கை மலாயர் 'சேபே ரூமா' என்கிறார்கள்; எங்கட 'என்ட வீடு' என்ற வரிசை. அங்கே 'நான் தின்கிறேன் சோறு' என்று வினை நடுவில் வரும்; இங்கே 'சே நாசி சுமாக்கான்', நான் சோறு தின்றேன் என்று வினை கடைசிக்கு வந்துவிட்டது. சொல் மலாய், முதுகெலும்பு இந்த நாட்டுடையது. முஸ்லிம் தமிழின் பங்கு எவ்வளவு, சிங்களத்தின் பங்கு எவ்வளவு என்று மொழியியலாளர் இன்னும் விவாதிக்கிறார்கள்.

கொடுத்தது நாங்கள் மட்டுமல்ல, வாங்கியும் இருக்கிறோம். இடுப்பில் கட்டும் சாரம், பேருவளையில் கிண்டும் தொதல், தோட்டத்து றம்புட்டான் எல்லாம் மலாய்ச் சொற்கள். அவர்கள் 'கெடாய்' என்பது எங்கட கடை. 'கபல்' என்பது எங்கட கப்பல். 'மோடால்' என்பது எங்கட முதல். இது ஒல்லாந்தர் வருவதற்கும் பல நூறு வருஷம் முன்னால் தொடங்கிய வியாபாரத்தின் கணக்கு.

சூரினாம்: கிப்லாவையும் கொண்டுபோனவர்கள்

மூன்றாவது கரை தென்னமெரிக்காவில். கம்பனி கலைந்து ஒல்லாந்த அரசு நேரடியாக ஆண்ட காலம். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1890 முதல் 1939 வரை ஏறத்தாழ 33,000 ஜாவாக்காரர் ஒப்பந்தக் கூலிகளாக சூரினாமுக்குப் போனார்கள். எங்கட மலையகத்துக்கு ஆட்கள் வந்த கதைக்கு இது பக்கத்துக் கதை.

குறுகிய காலத்தில், ஒரே தீவிலிருந்து, ஆணும் பெண்ணுமாகப் போனதால் அவர்கள் பாஷை, கமலான் இசை, சாப்பாடு எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். இன்று அந்நாட்டு மக்களில் ஏழில் ஒருவர் ஜாவா வம்சம். ஒரு விஷயத்தை நினைத்தால் மனது கனக்கும். ஜாவாவில் கிப்லா மேற்குப் பக்கம். சூரினாமிலிருந்து மக்கா கிழக்குப் பக்கம். ஆனாலும் முதலில் போனவர்கள் ஊரில் தொழுதபடியே மேற்கு நோக்கித் தொழுதார்கள். 1930-களிலிருந்து சிலர் கிழக்குக்குத் திரும்பினார்கள். இன்றும் மேற்கு நோக்கும் பள்ளிகளும் கிழக்கு நோக்கும் பள்ளிகளும் அங்கே உண்டு. ஃபிக்ஹுச் சட்டப்படி எது சரி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முதல் மனிதர்களுக்கு மேற்கு என்பது வாப்பாவின் திசையும்தான் என்பதை விளங்கிக்கொள்ள முடிகிறது.

இனி என்ன?

மூன்று கரைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரு சமூகம் எதை வைத்துக்கொள்ளும், எதை விடும் என்பதை ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்து வீட்டில் யார் என்பதும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கேப்புக்கு மத்ரஸா இருந்தது. இலங்கை மலாயருக்குப் படை இருந்தது. 1873-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். படைப் பள்ளிக்கூடமும் அதோடு போனது. அதற்குப் பிறகு 150 வருஷம் பாஷையைத் தாங்கியது வீடு மட்டும்தான். 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் மலாயர் சுமார் 44,000 பேர். ஹம்பாந்தோட்டை, கிரிந்தைப் பக்கம் பேச்சில் உயிர் இருக்கிறது. கொழும்பில் பிள்ளைகள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். எழுத்து அதற்கும் முன்னாலேயே போய்விட்டது.

இது அவர்கள் பிரச்சினை என்று நாங்கள் சும்மா இருக்கலாமா? எங்கட மூத்தவாப்பாமாரின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனை வீட்டில் மச்சில் கிடந்து பூச்சி அரிக்கின்றன? மலாயரின் பழைய கொப்பிகள் சிலவற்றில் அரபுத் தமிழும் கலந்து வருவதை ஆய்வாளர் ரொனித் ரிச்சி எடுத்துக்காட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தவை. அரபியில் இல்லாத ப, ங போன்ற ஓசைகளுக்கு அரபி எழுத்திலேயே புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கும் வேலையை இரண்டு பேருமே செய்தார்கள். ஒன்றை வாசிக்கத் தெரிந்தவர் மற்றதற்கு உதவலாம். வீட்டிலிருக்கும் கொப்பியைக் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவைப்பது முதல் வேலை. யாருடையது, எந்த ஊர், யார் எழுதியது என்று வீட்டுப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது இரண்டாவது.

அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். நான் எழுத்தைக் கூட்டினேன்: "த், ம், ப், த்." ஹரகத் இல்லாமல் எனக்கு அதற்கு மேல் போகவில்லை. நண்பர் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தெம்பாட்! தெம்பாட், நானா! இடம்!" என்றார்.

மஃரிபுக்கு பாங்கு சொல்லுமட்டும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் பாதி முடித்தோம். அடுத்த ஞாயிறு உம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.