படத்தில் மறைந்த சமன்பாடு

எண்களைக் கண்டு அஞ்சாத மாணாக்கரும், கணக்கு வாக்கியங்களாக வந்து நிற்குமிடத்து மயங்குவதுண்டு. க்ஷேத்திரகணிதத்தில் அம்மயக்கம் இரட்டிக்கின்றது. யாமும் மாணவப் பருவத்தில் விடையை ஊகித்தெழுதி மதிப்பெண் இழந்தவர்களே. அட்சரகணிதத்தின் துணைகொண்டு இம்மயக்கத்தை நீக்கும் வழியை ஓர் உதாரணத்தால் விளக்க முயல்வோம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஓகிப் புயல் குமரி மாவட்டத்து மரங்களைச் சாய்த்ததை நெய்யூர் வாசிகள் மறந்திரார். அத்தகைய காற்றில், சமதரையில் நேரே நின்ற 32 முழத் தென்னையொன்று இடையில் முறிந்ததெனக் கொள்வோம். மேற்பகுதி அறுந்து வீழாது சாய்ந்து, அதன் நுனி மரத்தடிக்கு 16 முழத் தூரத்தில் தரையைத் தொட்டது. மரம் முறிந்தது எவ்வளவு உயரத்தில்? பாஸ்கராசாரியர் 12ஆம் நூற்றாண்டில் தம் லீலாவதியில், மூங்கிலொன்றைக் குறித்து இவ்வெண்களாலேயே இவ்வினாவை எழுப்பினார்.

அறியாத அளவுகள் இரண்டு. நம் பழங் கணிதர் அறியா எண்களை யாவத்தாவத், காளகம் முதலிய சொற்களின் முதலெழுத்துக்களால் குறித்தனர். அவ்வாறே நிற்கும் பகுதியை யா எனவும், சாய்ந்த பகுதியைக் கா எனவும் கொள்க. வாக்கியம் வெளிப்படையாகத் தருவது,

யா + கா = 32

என்னும் ஒன்றே. இதற்கு 10, 22 என்பனவும் பொருந்தும். 15, 17 என்பனவும் பொருந்தும். இதனையே இரட்டித்து எழுதினும் புதிய செய்தி கிடையாது. அறியாதவை இரண்டாயின், ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படாத உண்மைகள் இரண்டு வேண்டும்.

இரண்டாவது உண்மை யாண்டுளது? சொல்லிலன்று, படத்தில் உளது. நேரே நிற்கும் மரம் தரையோடு செங்கோணம் அமைக்கின்றது. ஆதலால்,

கா² − யா² = 16² = 256

வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டுத்தொகையை வித்தியாசத்தாற் பெருக்கிய தொகையாம். எனவே 256ஐ 32ஆல் வகுக்க,

கா − யா = 8

முதற் சமன்பாட்டோடு இதனைக் கூட்ட, 2கா = 40; ஆகவே கா = 20, யா = 12. மரம் முறிந்தது 12 முழ உயரத்தில். 144 + 256 = 400 ஆதலின் விடை சரியே. மரம் முன்னமே சாய்ந்து நின்றிருப்பின், செங்கோணம் இன்மையால் இவ்விடை பொருந்தாது.

ஆதலின் மாணாக்க நண்பர்காள், வினாவைப் படித்தவுடன் எண்களைக் கூட்டவும் பெருக்கவும் விரையற்க. முதலிற் படம் வரைக; அறியாதவற்றிற்குப் பெயரிடுக; சொல் தரும் சமன்பாட்டை எழுதுக. அது போதாதாயின், வினாவிற் குறையுளதென்று கருதாது, செங்கோணம், இணைகோடு, சமபக்கம் என்று படம் தருவதைத் தேடுக. பெரும்பாலும் விடுபட்டது அங்கேயே இருக்கும்.