வீட்டுத் திரையரங்குக்குத் திரை: விற்கும் முன் அளந்து பாருங்கள்

புரொஜெக்டர் வாங்கும் வாடிக்கையாளர் பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கிறார். திரையை மட்டும் கடைசி நிமிடத்தில், "இதோடு ஒரு ஸ்கிரீனும் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறார். நாமும் கையிருப்பில் பெரியதாக ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்து விடுகிறோம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

நமது கடையில் நடந்ததையே சொல்கிறோம். ஒரு வாடிக்கையாளர் 150 அங்குலத் திரை கேட்டார், கொடுத்தோம். பத்தாம் நாள் "படம் மங்கலாகத் தெரிகிறது, திரை மட்டமான சரக்கு" என்று திருப்பிக் கொண்டு வந்தார். திரையில் ஒரு குறையும் இல்லை. அவருடைய சிறிய புரொஜெக்டர் அவ்வளவு பெரிய திரையைத் தாங்காது. அதைக் கேட்காமலும் சொல்லாமலும் விற்றது நம் தவறு. ஒருமுறை மாட்டிக் கழற்றிய திரையைப் புதுச் சரக்கு என்று விற்க முடியாது. நஷ்டம் நம் தலையில் விழுந்தது.

22.9.2025 முதல் புரொஜெக்டர் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. மின்சாதனக் கடைகள் மட்டுமின்றி திரைச்சீலைத் துணி, பெயின்ட், அலுமினியம் விற்கும் நமது உறுப்பினர்களிடமும் இதுபற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். ஆகவே திரை வியாபாரத்தில் தெரிந்திருக்க வேண்டிய கணக்குகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அளவு என்பது எந்த அளவு?

திரையின் அளவை மூலைக்கு மூலை அங்குலத்தில் சொல்வது வழக்கம். இன்றைய அகலத்திரைப் படத்துக்கு விகிதம் 16:9. இதில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். 120 அங்குலம் என்றால் அகலம் சுமார் 104½, உயரம் 59.

இங்கே ஒரு கண்ணி உண்டு. 8 அடிக்கு 6 அடித் திரையை மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 10 அடி, அதாவது 120 அங்குலம். ஆனால் இது பழைய 4:3 விகிதம். இதில் 16:9 படம் ஓடினால் 8 அடி அகலத்துக்கு 4½ அடி உயரம்தான் நிறையும், மீதி 1½ அடி வெள்ளையாக நிற்கும். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் படம் 110 அங்குலமே. "120 என்று சொன்னீர்களே" என்று அவர் டேப்புடன் வந்து நின்றால் நம்மிடம் பதில் இருக்காது. 4:3 திரைகள் பள்ளிகளுக்கும் கூட்ட அரங்குகளுக்கும் போகட்டும். வீட்டுக்கு 16:9 கொடுப்பதே முறை.

அடுத்தது உட்காரும் தூரம். திரையின் அகலத்தைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கிலிருந்து 1.9 மடங்கு தூரத்தில் அமர்ந்தால் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 100 அங்குலத் திரைக்கு இது 10 அடி முதல் 13½ அடி. 12 அடி நீளமுள்ள ஹாலில் சோபா சுவரோரம் போட்டிருப்பவருக்கு 100 அங்குலமே தாராளம். 150 அங்குலம் வேண்டும் என்று கேட்பவரிடம் ஹாலின் நீளத்தை முதலில் கேட்க வேண்டும்.

உயரத்தையும் கவனிக்கவும். 10 அடி உயர ஹாலில் கூரையை ஒட்டிப் படம் தெரிந்தால் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 6 அடியில் நிற்கும், இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கழுத்து தாங்காது. கீழ் விளிம்பு 2 முதல் 3 அடி உயரத்தில் இருந்தால் நல்லது. சுருட்டுத் திரை என்றால் மேலே கறுப்புத் துணி கூடுதலாக உள்ள வகையைக் கொடுக்க வேண்டும்.

வெளிச்சத்தின் கணக்கு

புரொஜெக்டர் தரும் வெளிச்சம் ஒரே அளவுதான். திரை பெரிதானால் அது பரந்து மெலிகிறது. ஒரு படி மாவை எத்தனை தோசையாக ஊற்றினாலும் மாவு ஒரு படிதான். கணக்கு இதுதான்: புரொஜெக்டரின் ஆன்சி லூமென்ஸைத் திரையின் சதுர அடியால் வகுத்து, திரையின் கெயின் எண்ணால் பெருக்க வேண்டும். கிடைப்பது ஃபுட்லாம்பர்ட் எனும் அளவு. டிஜிட்டல் சினிமா அரங்குகளுக்கு வகுத்துள்ள அளவு 14.

100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 30 சதுர அடி, 120-க்கு 43, 150-க்கு 67. உண்மையாக 500 லூமென்ஸ் தரும் புரொஜெக்டருக்கு, கெயின் 1 உள்ள திரையில், 100 அங்குலத்தில் கிட்டத்தட்ட 17 கிடைக்கும். 120-இல் 12-க்கும் கீழே போகும். 150-இல் 7½தான். நமது வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இதுவே. இதுவும் அறை நன்றாக இருட்டாக இருக்கும்போதுதான். விளக்கு எரியும் ஹாலுக்கு இதைப்போல் இரு மடங்குக்கு மேல் வெளிச்சம் தேவை.

"உண்மையாக" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மலிவான சிறு புரொஜெக்டர்களின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென்ஸ் அச்சிட்டிருப்பார்கள். ஆன்சி முறையில் படத்தை 9 பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளந்து சராசரி எடுக்கிறார்கள். வெறும் "லூமென்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பித் திரையின் அளவைச் சொல்லக் கூடாது. தவிர, விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் பாதியாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்தப் பரப்பு யாருக்கு?

கெயின் என்பது திரை வெளிச்சத்தை எப்படித் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டும் எண். கெயின் 1 உள்ள மேட் வெள்ளைத் திரை எல்லாப் பக்கமும் சமமாகத் தரும். கெயின் 2 என்றால் நேர் எதிரே இருப்பவருக்கு இரு மடங்கு, பக்கவாட்டில் இருப்பவருக்கு அந்த அளவுக்குக் குறைவு. திரை தானாக வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை, ஒருவர் பங்கை எடுத்து மற்றவருக்குத் தருகிறது. நம் வீடுகளில் பாட்டி நாற்காலியில், பிள்ளைகள் தரையில், விருந்தாளி ஓரத்தில் என்று பரவி உட்கார்வார்கள். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு மேட் வெள்ளையே பொருத்தம், விலையும் குறைவு.

சாம்பல் நிறத் திரை கறுப்பை ஆழமாகக் காட்டும். ஆனால் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும், எனவே சக்தி வாய்ந்த புரொஜெக்டருக்கே ஏற்றது. அறை வெளிச்சத்தைத் தள்ளும் ஏ.எல்.ஆர். திரைகள் பல மடங்கு விலை. இவற்றில் கவனம் தேவை. சுவரோரம் மேசையில் வைத்து அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கும் புரொஜெக்டருக்கான திரை வேறு, எதிர்ப்புறத்திலிருந்து அடிப்பதற்கானது வேறு. மாற்றிக் கொடுத்தால் விலை உயர்ந்த திரையில் படம் மங்கித் தெரியும்.

மாட்டும் முறை

கையால் இழுக்கும் சுருட்டுத் திரை மலிவு. நாளடைவில் ஓரங்கள் சுருண்டு அலைகள் விழும். மின்விசிறிக் காற்றில் ஆடவும் செய்யும். பக்கங்களில் கயிறு இழுத்துப் பிடிக்கும் மோட்டார் வகையில் இந்தக் குறை குறைவு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான திரையே தட்டையானது. அடியிலிருந்து அடிக்கும் புரொஜெக்டருக்குச் சாதாரணச் சுருட்டுத் திரையைக் கொடுக்கவே வேண்டாம். ஒளி சாய்ந்து விழுவதால் சிறு அலைகூட நிழலாகத் தெரியும்.

சொந்தமாகச் செய்பவருக்கு

"நானே செய்துகொள்கிறேன்" என்பவரை விட்டுவிட வேண்டாம். அவரும் துணி, சட்டம், வெல்வெட் வாங்க வேண்டியவரே. வெள்ளை நிற பிளாக்அவுட் திரைச்சீலைத் துணி இதற்கு நன்றாகப் பயன்படும், ஒளி பின்புறம் கசியாது. துணியின் அகலத்தைப் பாருங்கள்: 54 அங்குல அகலத் துணி 49 அங்குல உயரமுள்ள 100 அங்குலத் திரைக்குச் சரியாகப் போதும், மேலும் கீழும் மடிக்க 2½ அங்குலம் மிஞ்சும். 120 அங்குலத்துக்குப் போதாது. நடுவே ஒட்டுத் தையல் போட்டால் அது படம் முழுக்கக் கோடாகத் தெரியும். அதற்கு 110 அங்குல அகலத் துணியே கொடுக்க வேண்டும். விளம்பர ஃப்ளெக்ஸ் மலிவுதான், ஆனால் மினுமினுப்பு இருந்தால் நடுவில் வெளிச்சத் திட்டு விழும்.

சட்டத்துக்கு நன்கு உலர்ந்த மரம் அல்லது அலுமினியச் சதுரக் குழாய் எடுக்கலாம். ஈர மரம் கோணிக்கொள்ளும். நடுவில் ஒரு தாங்கு கட்டை தேவை. இரு மூலைவிட்டங்களும் டேப்பில் ஒரே அளவு காட்டினால் சட்டம் சரி. துணியை நான்கு பக்கமும் நடுவில் முதலில் ஸ்டேப்ளர் அடித்து, எதிரெதிராக இழுத்தபடி மூலைகளுக்குச் செல்ல வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் போகாது. சுற்றிலும் 2 அல்லது 3 அங்குலக் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டினால் ஓரத்தில் வழியும் ஒளியை அது விழுங்கிப் படத்தை எடுப்பாகக் காட்டும்.

இன்னும் சிக்கனம் வேண்டுவோருக்குச் சுவரே திரை. பட்டி பார்த்து, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, பளபளப்பே இல்லாத மேட் வெள்ளை எமல்ஷன் ரோலரால் அடித்தால் போதும்.

கிடங்கில்

திரைத் துணியை மடிக்கக் கூடாது, மடிப்பு விழுந்தால் போகாது. குழாயில் சுற்றிப் படுக்க வைக்கவும், மேலே பாரம் ஏற்ற வேண்டாம். ஈரச் சுவரோரம் வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும், அந்தச் சரக்கு பிறகு தள்ளுபடிக்கும் போகாது.

பில் போடும் முன்

ஐந்து கேள்விகள் போதும். ஹாலின் நீளம் என்ன? சோபா எங்கே? புரொஜெக்டர் என்ன மாடல், ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு? அதை எங்கே வைப்பீர்கள்? பகலில் பார்ப்பீர்களா? பதில்களையும், நாம் கொடுத்த திரையின் அகலம், உயரம், விகிதம், கெயின் ஆகியவற்றையும் பில்லிலேயே எழுதிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் ஆகும். எது பொருளின் குறை, எது அளவு பார்க்காததன் விளைவு என்பதைப் பிரித்துக் காட்ட அந்த நான்கு எண்கள்தான் நமக்குச் சாட்சி.

150 கேட்டு வந்தவரிடம் 100 போதும் என்று சொன்னால் அன்றைய லாபம் கொஞ்சம் குறையலாம். அந்தத் திரை நம்மிடம் திரும்பி வராது. அவர் வீட்டில் படம் பார்த்த உறவினர் வருவார்.