கைரேகை தேடும் கணினி

கைரேகையை வகைப்படுத்தி அடுக்கும் முறை கல்கத்தாவில் உருவானது. அங்கே 1897இல் கைரேகைக் கூடம் தொடங்கியது. கணக்கைப் போட்டுத் தந்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய ஊழியர்கள். பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாக்கி, சுழி உள்ள விரலுக்கு ஜோடிக்கேற்ப 16, 8, 4, 2, 1 என மதிப்பெண் இடுவார்கள். அதை வைத்து ஒவ்வோர் அட்டையும் 1,024 பிரிவுகளில் ஒன்றில் சேரும்.

இதற்குப் பத்து விரலும் வேண்டும். திருடன் ஜன்னலில் விட்டுப்போவதோ ஒரு விரல், அதுவும் பாதி! அதை வைத்துக்கொண்டு எந்த அலமாரியைத் திறப்பது?

கணினி இந்த முட்டுக்கட்டையை நீக்கியது. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை இடம், திசையோடு எண்களாக்கி, இருப்பில் உள்ள ரேகைகளோடு ஒப்பிடுகிறது. 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸைக் கலங்கடித்த தொடர்கொலையாளி ரிச்சர்ட் ராமிரெஸ், திருட்டுக் காரில் கிடைத்த ரேகையால் சிக்கினான். கலிபோர்னியாவின் புதிய கணினி அவனை நிமிடங்களில் காட்டிக்கொடுத்தது.

ஆனால், கணினி தருவது பட்டியல்தான். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் டெட்டனேட்டர்கள் இருந்த பையின் ரேகையை எஃப்.பி.ஐ. கணினியில் தேடியபோது பட்டியலில் 20 பேர் வந்தார்கள். அதில் ஓர் அமெரிக்க வழக்கறிஞரின் ரேகைதான் என்று நிபுணர் ஒருவர் சொல்ல, சக நிபுணர்களும் ஆமோதித்தார்கள். இரண்டு வாரம் சிறையில் இருந்தார் அந்த வழக்கறிஞர். பிறகு ஸ்பெயின் போலீஸ் அது அல்ஜீரியர் ஒருவரின் ரேகை எனக் கண்டுபிடித்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. கோடிக்கணக்கான ரேகைகளில் தேடும்போது அசலைப் போலவே இருக்கும் அந்நிய ரேகையும் அகப்படும். முதல் நிபுணரின் முடிவு தெரிந்தபின் சரிபார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னும் ஒத்ததாகத் தெரியும்.

இந்தியாவில் 2022இல் தொடங்கிவைக்கப்பட்ட 'நாஃபிஸ்' மாநிலங்களின் குற்றவாளி ரேகைகளை ஒரே இடத்தில் தேட வழிசெய்கிறது. ஒரு மாநிலத்தில் குற்றம் செய்து இன்னொன்றில் ஒளிபவரைப் பிடிக்க இது அவசியம். ஆகவே தேடும் வேலையைக் கணினியிடம் விட காவல் துறைகள் தயங்க வேண்டியதில்லை. ஆனால், இயந்திரம் வாங்கும் அதே பட்ஜெட்டில் நிபுணர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். முதல் நிபுணரின் முடிவு தெரியாமலே இரண்டாமவர் சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வழியில்லாத துறை இயந்திரத்தை வாங்காமல் காத்திருப்பதே மேல்.