கூட்டமும் தேதியும்: கல்கத்தாவின் மீது இரண்டு ஐரோப்பியப் பார்வைகள்

ஒரு நகரத்தில் முதன்முதலாகக் கால் வைக்கிறவர் எதைப் பார்க்கிறார்? கண்ணில் பட்டதைத்தானே என்று தோன்றும். ஆனால் கண்ணுக்கு முன்னாலேயே சொற்கள் வந்து நின்றுவிடுகின்றன. கல்கத்தாவில் (2001லிருந்து கொல்கத்தா) வந்து இறங்கிய ஐரோப்பியர்களுக்குக் கூட்டம், அழுக்கு, பசி என்ற மூன்று சொற்கள் தயாராக இருந்தன. இவை பொய்யான சொற்கள் என்று நான் சொல்லவரவில்லை. நடைபாதையில் படுத்திருந்தவர்கள் உண்மை, பசியும் உண்மை. அந்தச் சொற்களில் தேதி இல்லை. சிக்கல் அங்கேதான்.

அமைப்பியல் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸை எடுத்துக்கொள்வோம். 1950இல் அவர் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தார். 1955இல் வெளியான 'திரிஸ்த் திரோபிக்' நூலில் கல்கத்தாவைப் பற்றி எழுதினார். பிரேசில் பழங்குடிகளின் முகச் சித்திரங்களில் ஒரு சமூக அமைப்பையே பொறுமையாக வாசித்துக் காட்டியவர், இங்கே கழிவையும் நெரிசலையும் அடுக்கிக்கொண்டே போகிறார். கை நீட்டுகிறவரோடு சமமாக நிற்க முடியவில்லையே என்ற அவருடைய சங்கடம் நேர்மையானதுதான். சந்தேகமில்லை.

ஆனால் அது என்ன வருஷம்? 1943 பஞ்சத்தில் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் வரை செத்திருந்தார்கள். ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று காலனி அரசு கரையோர மக்களின் படகுகளைப் பறித்தது, அரிசிக் கையிருப்பை அப்புறப்படுத்தியது. விலை எகிறியபோது கிராமத்து ஏழைகள் கல்கத்தாத் தெருக்களில் வந்து விழுந்தார்கள். 1946 ஆகஸ்டில் கலவரம். 1947இல் பிரிவினை. 1950இல் கிழக்கு வங்காளத்துக் கலவரங்களுக்குப் பிறகு மறுபடியும் அகதிகள். சியால்தா ரயில் நிலையத்துப் பிளாட்பாரமே பலருக்கு வீடாயிற்று.

பிரிவினை லெவி-ஸ்ட்ராஸுக்குத் தெரியாத விஷயமில்லை. என்றாலும் கூட்டத்தைப் பற்றி முடிவு சொல்கிற இடத்தில் அவர் போய்ச் சேர்வது எண்ணிக்கையிடம். ஜனம் பெருகிப்போன ஒரு சமூகம் மூவாயிரம் வருஷத்துக்கு முன் கண்டுபிடித்த தீர்வு, பிறகு தோற்றுப்போன பெரும் பரிசோதனை என்று சாதியை விளக்குகிறார். இதை நிதானமாக வாசிக்கணும். சாதியிலிருந்து அதிகாரம் கழன்றுபோய், இடநெருக்கடிக்கான ஓர் ஏற்பாடு மட்டும் மிஞ்சுகிறது. சேரியில் போய், இது நெரிசலைச் சமாளிக்க வந்த ஏற்பாடுங்க என்று சொல்லிப் பாருங்கள்! முதல் பார்வையின் திகைப்பு அப்படியே கோட்பாடாக உட்கார்ந்துகொள்ளும்போது நடப்பது இதுதான்.

குந்தர் கிராஸும் இப்படித்தான் தொடங்கினார். 1975இல் கல்கத்தாவைப் பார்த்துவிட்டுப் போனவர், 1977இல் வந்த நாவலில் நகரத்தைக் கடவுள் கழித்த மலக்குவியலாக எழுதினார். ஆனால் 1986இல் மனைவியுடன் திரும்பி வந்தார். சில மாதங்கள் தங்கினார். முதலில் பருய்பூரில் குடியிருந்துகொண்டு, பிதுங்கி வழிகிற லோக்கல் ரயிலில் நகரத்துக்கு வந்து போனார். வங்காளதேசத்திலிருந்து 1974இல் வெளியேற்றப்பட்ட கவிஞர் தாவூத் ஹைதர் அவருக்கு நகரத்தைக் காட்டினார். ஊர் இழந்த ஒருவரோடு நடக்கும்போது கூட்டத்துக்குள் ஆட்கள் தெரியத் தொடங்குகிறார்கள். குறிப்பும் கோட்டோவியமுமாக 1988இல் வந்த அவரது புத்தகத்தின் தலைப்பு, 'நாக்கை நீட்டுதல்'. காளியின் நாக்கை வெட்கத்தின் குறியாக வாசித்து, வெட்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வியை ஐரோப்பாவின் பக்கமும் அவர் திருப்பினார்.

வங்காளிகள் பலர் அதையும் ஏற்கவில்லை. குப்பையும் குடிசையும்தானா எங்க ஊர் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இருந்தும் தன் முதல் வாக்கியத்தை நம்பாமல் திரும்பி வந்தார் என்பதை கிராஸின் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

நம் கணக்கு என்ன? சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிற நாமும் 'என்னா கூட்டம், என்னா அழுக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறோம். அந்த வாக்கியம் நமக்கு யார் கொடுத்தது? பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறவர் எந்த வருஷம் வந்தார், எங்கிருந்து வந்தார், யார் துரத்தி வந்தார்? இந்த மூணையும் விசாரிக்காமல் நாம் எழுதுகிற பயணக்குறிப்பும், தமிழில் இருந்தாலும், அதே வெள்ளைக்காரர் எழுதினதுதான்.